வேண்டா அழைப்பு

நாம் கேட்காமலே, எதையாவது விற்பதற்காக நம் தொலைபேசிக்கு வருவது 'அன்சொலிசிட்டட் கால்'. இதன் வேர் 'சொலிசிட்டாரே' என்னும் லத்தீன் வினை. கிளறுவது, அலைக்கழிப்பது, நிம்மதியைக் கெடுப்பது என்பவை அதன் பழைய பொருள்கள். பிற்பாடுதான் கெஞ்சிக் கேட்பது, கோருவது என்று பொருள் நகர்ந்தது. நாம் செய்திகளில் கேட்கும் சொலிசிட்டர் ஜெனரலின் பதவிப் பெயரும் இந்த வேரில் முளைத்ததுதான்.

தமிழ்ச் செய்தித்தாள்கள் 'தொல்லை அழைப்பு' என்று எழுதுகின்றன. நல்ல எளிய சொல். ஆனால் சட்டத்தின் கருத்து அதில் இல்லை. தொந்தரவு எவ்வளவு என்று சட்டம் அளப்பதில்லை. சம்மதம் இருந்ததா என்றுதான் பார்க்கிறது. அமெரிக்காவில் 1991இல் வந்த தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முன்சம்மதம் பெறாமல் பதிவுசெய்த குரலில் வீடுகளுக்கு விளம்பர அழைப்பு விடுவதைத் தடுத்தது. டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளும் அப்படியே: பெறுபவரின் சம்மதத்துக்கோ அவர் பதிந்துவைத்த விருப்பத்துக்கோ உட்படாத வணிகத் தொடர்பு எதுவானாலும் மீறல். தேனொழுகப் பேசினாலும் மீறல்தான்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கோரப்படாத அழைப்பு' என்று வரும். பொருள் சரி; வாயில்தான் நுழையவில்லை. என் பரிந்துரை 'வேண்டா அழைப்பு'. 'வேண்டு' என்ற வினைக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கோயிலில் வேண்டிக்கொள்ளும்போது அது கேட்பது. 'வேண்டுதல் வேண்டாமை இலான்' என்று குறள் சொல்லும்போது அது விரும்புவது. ஆகவே 'வேண்டா' என்றால் நாம் கேட்காததும் ஆகும், விரும்பாததும் ஆகும். ஆங்கிலத்துக்கு இரண்டு சொற்கள் தேவைப்படும் இடத்தில் நமக்கு ஒன்றே போதும். இலக்கணத்தில் இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; அதாவது 'வேண்டாத' என்பதன் கடைசி எழுத்து மறைந்த வடிவம். வாடா மலர், ஓயா அலை போல.

சென்ற வாரம் மதியம் அம்மா முறுக்குமாவு பிசைந்துகொண்டிருந்தார். மணி அடித்ததும், வெளியூரிலிருக்கும் தங்கையாக இருக்குமோ என்று மாவுக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஓடினார். தனிநபர் கடன் தருவதாக ஒரு பெண் குரல். அம்மா சொன்னது ஒரே சொல்: "வேண்டாம்." கலைச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது அங்கேயே கிடைத்துவிட்டது.

அன்று மாலையே அம்மாவின் எண்ணிலிருந்து, இத்தகைய அழைப்புகளைத் தடுக்கப் பதியும் எண்ணான 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பதிந்தேன். வங்கி, வீட்டுமனை, கல்வி, சுற்றுலா என வகைவாரியாகவும் தடுக்கலாம்; எல்லாவற்றையும் ஒருசேரவும் தடுக்கலாம். பதிந்த பிறகும் அழைப்பு வந்தால் அதே எண்ணில் புகார் செய்யலாம்.

குறுஞ்செய்தியாக வந்தால் 'வேண்டாச் செய்தி'. அங்கே 'ச்' மிகும்.