வேட்டையாடுற ஒண்ணு வந்தா யாரு பொழைப்பா?

நம்ம மலேசியாவுல பட்டர்வொர்த்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, பின்கட்டுத் தண்ணித் தொட்டில தலைப்பிரட்டை நிறைய நெளியுது, டெங்கிக்குப் பயந்து கொசுப்புழுவ திங்கிற கப்பி மீன் வாங்கி விடலாம்னு பாக்குறேன், விட்டா தவளைக் கூட்டமே அழிஞ்சிடுமான்னு.

இதே மாதிரி கேள்விய வச்சுத்தான் அமெரிக்காவுல பீட்டர் மோரின்னு ஒரு புரொஃபசர் பேர் வாங்குனாரு. டியூக் யுனிவர்சிட்டில ஹென்ரி வில்பர்கிட்ட பிஎச்டி, அப்புறம் ரட்கர்ஸ் யுனிவர்சிட்டில வேலை. 1981ல சயின்ஸ் பத்திரிகைல வந்த அவரோட பேப்பர இன்னிக்கும் பாடத்துல சொல்லித் தர்றாங்க. உணவுச் சங்கிலி, போட்டி எல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதான, அத விடுங்க.

மாட்டுக்குத் தண்ணி வைக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டிங்கள எடுத்து, இலைதழை போட்டு, எல்லாத்துலயும் ஒரே கணக்குல பல இனத் தலைப்பிரட்டைய விட்டாரு. வித்தியாசம் நியூட்ல மட்டும்தான். அது வாலுள்ள தவளைச் சொந்தம், பல்லி ஜாடை, தலைப்பிரட்டைய திங்கும், நம்ம ஊர்ல கிடையாது. சில தொட்டில நியூட்டே இல்ல, மத்ததுல ரெண்டு, நாலு, எட்டு.

நியூட் இல்லாத தொட்டில ஸ்பேட்ஃபுட் தேரையோட குஞ்சுங்க ராஜ்யம். ஓயாம அலைஞ்சு பாசிய மேஞ்சு வேகமா வளருதுங்க, பீப்பர்னு ஒரு பொடி மரத்தவளையோட குஞ்சுக்கு மிச்சம் மீதி கூட கிடைக்காது. நியூட் கூடக் கூட கதை தலைகீழ்! நியூட் கண்ணுல சட்டுனு படுறது அசையுற இரைதான், அப்ப யாரு அதிகமா அலையுறாங்களோ அவங்கதான் முதல்ல வயித்துக்குள்ள. சாப்பாட்டுல ஜெயிக்க வச்ச அதே சுறுசுறுப்பே எமன். சும்மா கிடந்த பீப்பர் தப்பிச்சிடுது, கூட்டம் குறைஞ்சதால தப்பிச்சதுக்கெல்லாம் பாசியும் தாராளம், நல்லா வளர்ந்து கரையேறுது. குளம் வத்துறதுக்குள்ள காலு முளைச்சாகணுமே, அதனால இந்த வளர்ச்சிதான் உயிரு. இத படிக்கிறப்பெல்லாம் எனக்கு ஒரு சிரிப்பு வரும், ஒரே குணம் ஒரு தொட்டில வரம், பக்கத்துத் தொட்டில சாபம்.

இவ்வளவுக்கும் செலவு தொட்டியும் பொறுமையும்தான். இன்னிக்கு யாராவது இப்படி ஆராய்ச்சி பண்ண பண உதவி கேட்டா, இத வித்து காசாக்க முடியுமான்னுதான் முதல் கேள்வி வரும், எனக்கு அதுல எரிச்சல்தான். நம்மாளுங்களும் இருக்காங்க, தேங்காய்ல பருப்பு இல்லன்னா தேரை மோந்துடுச்சுன்னு பழிய பாவம் அது தலையில போடுவாங்க, மகரந்தம் சரியா சேரலன்னாலும் சத்து பத்தலன்னாலும் அப்படித்தான் காய்க்கும்னு சொன்னா யாரு கேக்குறா.

சரி அக்கா, உங்க தொட்டிக்கு வருவோம். குஞ்சு கறுப்பா பொடியா கூட்டமா போனா அது தேரை, உடம்புல விஷம் இருக்கறதால நிறைய மீனுங்க வாயில வச்சுட்டுத் துப்பிடும். தொட்டி விளிம்புல வெள்ளையா நுரை ஒட்டியிருந்துச்சுன்னா மரத்தவளை, அதுக்கு அந்தக் காவல் இல்ல, மீன் வேணாம். கொசு போகாம மேல வலை கட்டுங்க, காலு முளைச்சதும் திறந்து விட்டுட்டு, எல்லாம் வெளிய போனதும் தொட்டிய கவுத்து வச்சிருங்க. மீன் ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா மறந்தும் ஆத்துல கொட்டிடாதீங்க, கப்பி நம்ம ஊரு மீனே கிடையாது.