மோனோநியூக்ளியோசிஸ் – நெறிக்கட்டுக் காய்ச்சல்

ஏற்காட்டுப் பள்ளி விடுதியில் இருந்தோ சேலத்துக் கல்லூரி விடுதியில் இருந்தோ பிள்ளை காய்ச்சலோடு வீட்டுக்கு வரும்போது, கையில் இருக்கும் மருத்துவச் சீட்டில் எப்போதாவது ‘இன்ஃபெக்ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ்’ என்று எழுதியிருக்கும். டெங்கு தெரியும், டைபாய்டு தெரியும், இது என்ன என்று பெற்றோர் செல்போனில் தேடுகிறார்கள். முதலில் கண்ணில் படுவது ‘முத்த நோய்’. வயதுக்கு வந்த பிள்ளையிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்ற சங்கடம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. காய்ச்சலில் துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு இது பெரிய அநியாயம்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘மோனோ’ கிரேக்கம், ஒன்று, தனி என்று பொருள். ‘நியூக்ளியஸ்’ லத்தீன், கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறித்த சொல், உயிரியலில் உட்கரு ஆனது. ‘ஓசிஸ்’ மறுபடியும் கிரேக்கம். ரத்த அணுக்களைப் பற்றிய சொற்களின் கடைசியில் வந்தால் ‘இயல்பைவிடக் கூடுதல்’ என்று அர்த்தம். ஆக, ஒற்றை உட்கரு கொண்ட அணுக்கள் ரத்தத்தில் கூடியிருக்கும் நிலை.

1920இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ஸ்ப்ரன்ட், ஃபிராங்க் எவன்ஸ் இருவரும் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரை வைத்தார்கள். ஆறு பேரும் இளவயதினர். ரத்தத்தைப் பார்த்தால் லுக்கேமியாவோ, அதாவது ரத்தப் புற்றோ, என்று பயப்படும்படி இருந்தது. ஆனால் அத்தனை பேரும் தானாகவே தேறினார்கள். இது புற்று அல்ல, தொற்று என்று பிரித்துக் காட்டத்தான் ‘இன்ஃபெக்ஷியஸ்’ என்ற அடைமொழி. பயந்துபோன குடும்பத்துக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தியும் அதுதான்.

இதை அப்படியே தமிழாக்கி ‘தொற்று ஒற்றைக்கருவணு மிகைநோய்’ என்று எழுதலாம். இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் பொருள் இடறுகிறது. நம் வெள்ளையணுக்கள் எல்லாவற்றுக்குமே உட்கரு ஒன்றுதான். நியூட்ரோஃபில் என்ற வகையில் அந்த ஒன்று மூன்று நான்கு மடல்களாகக் கிள்ளிவிட்டது போல் இருப்பதால், பழைய காலத்தில் பல உட்கரு உள்ள அணு என்று நினைத்தார்கள். மடல் இல்லாதவை ‘ஒற்றைக் கரு’ ஆயின. இந்த நோயில் கூடுவது அவற்றில் ஒரு வகையான லிம்போசைட், அதாவது நிணவணு. பழைய குழப்பத்தைத் தமிழில் புதிதாகக் கொண்டுவர வேண்டியதில்லை.

இன்னொரு பெயர் இதைவிடப் பழையது. 1889இல் எமில் ஃபைஃபர் என்ற ஜெர்மன் மருத்துவர் ‘சுரப்பிக் காய்ச்சல்’ என்று தன் மொழியில் எழுதினார். பிரிட்டனில் இன்றும் அதன் ஆங்கில வடிவம்தான் வழக்கு. தமிழிலும் சிலர் ‘சுரப்பிக் காய்ச்சல்’ என்கிறார்கள். கழுத்தில் வீங்குவது எதையும் சுரக்கும் சுரப்பி அல்ல, கிருமிகளை வடிகட்டும் நிணநீர்க்கணு. சுரப்பி என்றதும் தைராய்டுக்குத்தான் நம் மனசு போகும்.

நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது. காலில் முள் குத்திப் புண் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் கட்டி எழும்புமே, அதற்குச் சேலத்துப் பக்கம் யாரும் அகராதி புரட்டுவதில்லை; “நெறி கட்டிக்கிச்சு” என்பார்கள். நிணநீர்க்கணு வீங்குவதற்குச் சரியான பேச்சுவழக்கு அது. ‘நெறிக்கட்டுக் காய்ச்சல்’ என்றால் படிக்காத பாட்டியும் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். மருத்துவ ஏட்டில் எழுதும்போது ‘தொற்று நிணவணு மிகைப்பு’ என்று இருக்கட்டும். வீட்டில் புழங்க நெறிக்கட்டுக் காய்ச்சல் போதும்.

நோய்க்குக் காரணம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1964இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வரும் பர்கிட் என்ற புற்றுக்கட்டியின் அணுக்களில் எப்ஸ்டீன், அச்சாங், பார் மூவரும் இதைக் கண்டார்கள். இந்தக் காய்ச்சலுக்கும் அதுதான் காரணம் என்பது 1968இல் வெளிவந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஹென்லே தம்பதியின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த பெண்ணுக்கே காய்ச்சல் வந்தது. அதுவரை அவர் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம், இருந்ததில்லை. காய்ச்சலுக்குப் பின் இருந்தது.

இது பரவும் வழி எச்சில். முத்தம் அதில் ஒரு வழி, அவ்வளவே. 1955இல் ஹோக்லண்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் முத்தத்தை எடுத்துச் சொன்னபின் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வாய் வைத்துக் குடித்த தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றுவது, ஒரே ஸ்பூனில் சாப்பிடுவது எல்லாம் எச்சில்தான். உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸை ஒருமுறை வாங்கியவர்கள். நம் ஊரில் பாட்டி கடித்துக் கொடுத்த முறுக்கு, அம்மா ருசி பார்த்து ஊட்டிய சோறு என்று சின்ன வயதிலேயே பலருக்கும் வந்து, சளிக்காய்ச்சல் அளவோடு, பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமல், போய்விடுகிறது. அப்போது தப்பித்தவர்களுக்குப் பதினைந்து, இருபது வயதில் வந்தால்தான் முழு உருவம் எடுக்கிறது. விடுதிப் பிள்ளைகளிடம் பார்ப்பது அதனால்தான்.

உள்ளே போன வைரஸ் நாலு முதல் ஆறு வாரம் கழித்தே காய்ச்சலாக வெளிப்படும். தேறிய பிறகும் எச்சிலில் மாதக்கணக்கில் இருக்கும், அப்புறம் ஆயுள் முழுவதும் விட்டுவிட்டுத் தலைகாட்டும். எனவே யாரிடமிருந்து வந்தது என்று விசாரணை நடத்துவது வீண். தனி அறையில் அடைக்கவும் வேண்டாம். பாட்டிலும் டம்ளரும் தனியாக இருந்தால் சரி.

இனி, எப்படிக் கண்டுபிடிப்பது. காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியாத தொண்டைவலி, எழுந்து உட்காரவே முடியாத அசதி, கழுத்தில் நெறி. கழுத்தின் முன்பக்கத்தோடு நிற்காமல் காதுக்குக் கீழே பின்பக்கமாகவும் மணிமணியாகத் தட்டுப்பட்டால் சந்தேகம் வலுக்கும். டான்சிலில் வெள்ளை படர்ந்திருப்பதைப் பார்த்துப் பாக்டீரியா என்று நினைத்து, பென்சிலின் வகை மருந்தான அமாக்ஸிசிலின் கொடுத்துவிடுவது உண்டு. அப்படிக் கொடுத்த பலருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடிக்கிறது. இந்த நோயோடு அந்த மருந்து சேர்வதால் வரும் தடிப்பு இது. பென்சிலின் ஒவ்வாமை என்று ஆயுளுக்கும் முத்திரை குத்துமுன் மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் லிம்போசைட், மொத்தத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் உருமாறிய லிம்போசைட் என்றால் நோய் ஏறக்குறையப் பிடிபட்டது. ரத்தத்துளியைத் தேய்த்துச் சாயமேற்றிய கண்ணாடிச் சில்லை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள்: வழக்கமான லிம்போசைட் சின்னது, உட்கருவே அதை அடைத்துக்கொண்டிருக்கும். இங்கே அது பெருத்து, வெளிர்நீலப் பாவாடை விரித்தது போல் பரவி, பக்கத்துச் சிவப்பணுவின் வளைவுக்கு இடம்கொடுத்து ஒட்டிக் கிடக்கும். விளிம்பில் மட்டும் நீலம் அடர்ந்திருக்கும். இது வைரஸை எதிர்த்துக் கிளம்பிய அணு. பழகிய கண்ணுக்குப் புற்றணுவிலிருந்து வேறுபாடு தெரியும். சந்தேகம் வந்தால் நோயியல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

அடுத்தது மோனோஸ்பாட் என்ற ரத்தப் பரிசோதனை. 1932இல் பால், பன்னல் இருவரும் இந்த நோயாளிகளின் ரத்தநீர் ஆட்டின் சிவப்பணுக்களைத் திரளவைப்பதைக் கண்டார்கள். அதன் எளிய வாரிசு இது. முதல் வாரத்தில் எடுத்தால் நாலில் ஒருவருக்கு ‘இல்லை’ என்று தப்பாக வரலாம். நாலு வயதுக்குக் கீழே இதை நம்ப முடியாது. அப்போது வைரஸுக்கே உரிய எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும்: தொற்றின் தொடக்கத்தில் வரும் ‘விசிஏ ஐஜிஎம்’ என்ற எதிர்ப்பொருள் இருந்து, தாமதமாக வரும் ‘ஈபிஎன்ஏ’ எதிர்ப்பொருள் இன்னும் வரவில்லை என்றால் தொற்று புதிது. ஈபிஎன்ஏ இருந்தால் பெரும்பாலும் பழைய கதை. இப்போதைய காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இதற்கென்று மருந்தோ தடுப்பூசியோ இல்லை. ஓய்வு, தண்ணீர், காய்ச்சலுக்கு பாராசிட்டமால். தொண்டையும் காய்ச்சலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும், அசதி இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். கவனம் வேண்டியது மண்ணீரலில்: பாதிப் பேருக்கு வீங்கியிருக்கும், அடிபட்டால் கிழியலாம். குறைந்தது மூன்று வாரத்துக்குக் கபடி, கால்பந்து, எடை தூக்குவது எதுவும் கூடாது. மருத்துவர் சரி என்றபின்தான் மைதானம். இடப்பக்க விலாவுக்குக் கீழே திடீரென்று வலி வந்தாலோ, இடது தோளுக்கு வலி ஏறினாலோ, தலைசுற்றி விழுந்தாலோ விடிந்தபின் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஏற்காட்டில் இருப்பவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கித்தான் சேலத்துப் பெரிய மருத்துவமனைக்கு வர வேண்டும். அதனால் அந்த வலி தெரிந்த உடனேயே 108ஐ அழைத்துவிடுங்கள்.