‘இல்லை’ என்பதையும் எழுதி அனுப்புங்கள்

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா கடற்கரையில், ஆண்டின் நடுப்பகுதியில் கடல் மிக ஆழமாக வற்றும் நேரம் பெரும்பாலும் விடியலுக்கு முன்பே வந்துவிடும். சாங்கியிலிருந்து இருட்டிலேயே படகேறி, நெற்றி விளக்கைப் பொருத்திக்கொண்டு சேற்று மணலில் இறங்கினால்தான் வேலை நடக்கும். கடற்புல் கணக்கெடுப்புக்குத் தொண்டூழியர்களைப் பயிற்றுவித்து அழைத்துச் செல்வது என் பணிகளில் ஒன்று. அப்படி ஒரு நாள், முதன்முறையாக வந்திருந்த தமிழாசிரியை ஒருவர் சதுரச் சட்டத்தை மணலில் வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணுமே இல்லையே சார், அடுத்ததுக்குப் போயிடலாமா?” என்று கேட்டார். “பூஜ்யம்னு எழுதிட்டுப் போகலாம், டீச்சர்” என்றேன். ஒன்றுமில்லாததை எழுதுவானேன் என்று அவர் தயங்கியது முகத்தில் தெரிந்தது.

மக்கள் பங்கேற்கும் சூழலியல் ஆய்வுகளில் நான் அடிக்கடி காணும் குறை இதுதான். ஆர்வத்துக்குக் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. ஆனால் கண்டதை மட்டும் எழுதிவிட்டு, தேடியும் காணாததை விட்டுவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1998இல் தொடங்கிய சீகிராஸ்-வாட்ச் என்ற கடற்புல் கண்காணிப்புத் திட்டத்தின் முறைப்படி, 50 மீட்டர் நீள அளவு நாடாக்கள் மூன்றை 25 மீட்டர் இடைவெளியில் விரித்து, ஒவ்வொரு 5 மீட்டருக்கும் பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் உள்ள சட்டம் ஒன்றை வைத்து, அதற்குள் புல் எத்தனை விழுக்காடு பரப்பை மூடியிருக்கிறது என்று மதிப்பிடுகிறோம். நாடா ஒன்றுக்கு 11 சட்டங்கள், ஆக மொத்தம் 33. இவற்றில் 12 சட்டங்கள் வெறும் மணலாக இருந்து, அவற்றை எழுதாமல் விட்டால், மிச்சமுள்ள 21இன் சராசரி அந்தக் கரையைச் செழிப்பானதாகக் காட்டிவிடும். அடுத்த ஆண்டு இன்னொரு குழு வெற்றிடங்களையும் ஒழுங்காக எழுதினால், கடற்புல் திடீரென அழிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் கரையில் எதுவுமே மாறியிருக்காது. எழுதிய பழக்கம் மட்டுமே மாறியிருக்கும்.

பயிற்சியின்போது நான் அதிக நேரம் செலவிடும் இன்னோர் இடம், கடற்புல்லையும் கடற்பாசியையும் பிரித்தறிவது. ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து இங்கே கட்டுமான வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர், தம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வைக் கடற்கரைத் துப்புரவுக்குக் கொடுத்திருந்தார். குழுவில் ஒருவர் பாசி என்று ஒதுக்கியதை அவர் கையில் எடுத்துக் காட்டி, “இது பாசி இல்லண்ணே, புல்லு. வேரு இருக்கு பாருங்க. எங்க ஊர்ப் பக்கம் ஆவுளியா இதைத்தான் மேயும்” என்றார். ஆவுளியா என்பது கடற்பசு. அலை ஒதுக்கிய அந்தச் செடியில் வேரும் கிழங்குத் தண்டும் தெளிவாகத் தெரிந்தன. கடற்புல் பூத்துக் காய்க்கும் தாவரம், பாசி அப்படியன்று. பட்டம் பெற்றவர்கள் பாடம் நடத்த, பொதுமக்கள் கேட்டுக்கொள்வது என்ற ஒருவழிப் பாதையாக இந்தப் பணியை வைத்துக்கொண்டால், இத்தகைய அறிவு நம்மை வந்து சேரவே சேராது. பாக் நீரிணைக் கரையில் வளர்ந்தவரின் கண்ணுக்கு எந்தக் கையேடும் ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

செக் ஜாவா இன்று நமக்கு இருப்பதே மக்கள் அக்கறையால்தான். கடலைத் தூர்த்து நிலமாக்கும் நில மீட்புக்காகக் குறிக்கப்பட்டிருந்த அந்தக் கரையை 2001இல் ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் நடந்து நடந்து பதிவு செய்தார்கள். பொதுமக்கள் திரண்டு சென்று பார்த்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. 2007இன் தொடக்கத்தில், கனமழையால் கடல்நீரின் உப்புத்தன்மை குறைந்து, கம்பளம்போல் விரிந்து கிடக்கும் கடற்சாமந்திகள் உட்பட ஏராளமான உயிரினங்கள் அங்கே மடிந்தன. அந்த இழப்பின் அளவை உணர முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்று பலர் எழுதி வைத்திருந்ததுதான். 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங் அருகே ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கசிந்தபோது, எப்படி உதவலாம் என்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டார்கள். அந்த அக்கறை என்னை நெகிழவைத்தது. ஆனாலும் கசிவுக்கு முந்தைய நிலையை அறிய, கசிவுக்கு முன்பேதான் கரைக்குப் போயிருக்க வேண்டும்.

உயிரினங்களைப் படமெடுத்துப் பதிவிடும் கைப்பேசிச் செயலிகள் இப்பணியை மிகவும் எளிதாக்கியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் படங்கள் வார இறுதிகளிலும் பெயர்பெற்ற பூங்காக்களிலும்தான் குவிகின்றன. தேன்சிட்டுக்குக் கிடைக்கும் கவனம் காகத்துக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான், தேசியப் பூங்காக் கழகம் 2011இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் நேச்சர்’ முயற்சியின்கீழ் நடக்கும் பூங்காப் பறவைக் கணக்கெடுப்பைப் போன்ற, குறித்த நேரம் நின்று எல்லாவற்றையும் எண்ணும் பணிகளுக்கே புதியவர்களை முதலில் அனுப்புகிறேன். மைனாவையும் புறாவையும் தவிர வேறெதுவும் வராத அரை மணி நேரமும் அங்கே கணக்கில் சேரும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஆந்தைக் கூட்டையோ எறும்புதின்னியையோ கண்டால் இடத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிடாதீர்கள்; அடுத்த நாளே அங்கே கூட்டம் கூடிவிடும். படத்துக்காக இரை காட்டி வனவிலங்குகளை அழைப்பது சட்டப்படியும் குற்றம்.

இனி, என்னைப் போன்று திட்டங்களை நடத்துவோருக்கு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு பருவம் முழுவதும் அலைந்து எடுத்த தரவுகளை நாங்கள் கணினியில் ஏற்றினோம், அறிக்கையும் எழுதினோம். வந்து உழைத்தவர்களுக்கு ஒரு பக்கச் சுருக்கம்கூட அனுப்பவில்லை. மறுபருவத்தில் பாதிப்பேர் வரவில்லை. தொலைபேசியில் விசாரித்தபோது ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், “நாங்க எழுதினது எங்கதான் போச்சு தம்பி?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் இரண்டு வாரத்துக்குள், அவரவர் எடுத்த அளவுகள் முந்தைய ஆண்டுகளோடு எப்படி ஒப்பிடுகின்றன என்பதைத் தமிழிலும் எழுதி அனுப்புகிறோம். அந்த ஐயாவும் திரும்பி வந்துவிட்டார். வெற்று மணல் வந்தால் சட்டத்தை நகர்த்தும் முன் “பூஜ்யம், எழுதிக்கோங்க” என்று மற்றவர்களுக்குக் குரல் கொடுப்பது இப்போது அவர்தான்.