பூட்ஸுக்குள் நிலவும் வானிலை

நாள் முழுக்க சேஃப்டி ஷூ போட்டு நின்றவர் மாலையில் அதைக் கழற்றினால், சாக்ஸ் பிழியும் அளவுக்கு ஈரமாக இருக்கும். விரல்களுக்கு மேலே 200 ஜூல் அடியைத் தாங்கும் கவசம், கீழே தடித்த சோல், சுற்றிலும் கனமான தோல். வெளியே இருப்பது உள்ளே வரக் கூடாது என்று கட்டிய காலணி, உள்ளே சுரக்கும் வியர்வையையும் சுலபத்தில் வெளியே விடாது.

வெப்பத்துக்கும் குளிருக்கும் சர்வதேசத் தரச் சோதனைகள் உண்டு. வெப்பத் தடுப்புக்கான எச்.ஐ. குறி வேண்டுமென்றால், ஷூவை 150 டிகிரி செல்சியஸ் மணலில் 30 நிமிடம் வைத்தபின் உட்புறச் சூடு முன்பிருந்ததைவிட 22 டிகிரிக்கு மேல் கூடியிருக்கக் கூடாது. குளிர்த் தடுப்புக்கான சி.ஐ. குறிக்கு, மைனஸ் 17 டிகிரி குளிரில் அரை மணி நேரம் வைத்தால் அது முன்பிருந்ததைவிட 10 டிகிரிக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது. சரி, வியர்வை?

அதைச் சோதிக்க, ஷூவின் மேல்பகுதித் தோலில் ஒரு துண்டை வெட்டி, சிலிக்கா ஜெல் நிரப்பிய குப்பியின் வாயில் மூடிபோல் பொருத்துகிறார்கள். காற்று வீசும் இடத்தில் குப்பி சுழலும். தோல் வழியே நுழையும் நீராவியை ஜெல் பிடித்துக்கொள்ள, எடை கூடும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மணிக்கு 0.8 மில்லிகிராமாவது கடந்தால் தேர்ச்சி.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷூவின் மேல்பகுதித் தோலின் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் குறைந்தபட்ச அளவில் ஒரு மணி நேரத்தில் வெளியேறுவது 0.4 கிராம்தான். கடுமையாக உழைக்கும் பாதத்திலோ அதே நேரத்தில் சில கிராம் வியர்வை சுரக்கலாம். மிச்சத்தைத் தோலும் லைனிங்கும் சாக்ஸும் உறிஞ்ச வேண்டும். அதனால்தான் 8 மணி நேரத்தில் கடக்கும் ஆவியோடு தோல் உறிஞ்சும் ஈரத்தையும் கூட்டி, சதுர சென்டிமீட்டருக்கு 15 மில்லிகிராம் என்று இன்னொரு வரம்பும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் துண்டுத் தோல் முழு ஷூ ஆகிவிடாது. தையல், பசை, நுரை, விரல் கவசம் எல்லாம் சேரும்போது கதை மாறுகிறது. இதற்காகவே ஆய்வகங்களில் வியர்க்கும் செயற்கைப் பாதம் இருக்கிறது. பல பகுதிகளாகப் பிரித்த அந்தப் பாதத்துக்குள் ஹீட்டர்கள் உண்டு; மேற்பரப்பை மனிதத் தோலின் சூட்டில், அதாவது சுமார் 35 டிகிரியில், நிலையாக வைத்திருக்கும். அதற்குச் செலவாகும் மின்சாரம்தான் அந்தந்தப் பகுதி இழக்கும் வெப்பம். விரல், குதிகால், உள்ளங்கால் என்று தனித்தனியாகக் கணக்குக் கிடைக்கும். அப்புறம் நுண்துளைகள் வழியே நீரைக் கசியவிட்டு, சோதனை முடிந்ததும் ஷூவையும் சாக்ஸையும் எடைபோட்டால், எவ்வளவு ஆவியானது, எவ்வளவு உள்ளேயே தங்கியது என்பது தெரிந்துவிடும்.

ஈரம் தங்குவது வெறும் அசௌகரியம் அல்ல. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். குளிரில் வேலை செய்பவரின் நனைந்த பூட்ஸ், காய்ந்த பூட்ஸ் தரும் கதகதப்பைத் தராது. வெயிலிலோ ஊறிய தோல் உரசிக் கொப்புளமாகும்.

கடைசியில் மனிதரே அணிந்து நடந்து பார்க்க வேண்டும். நம் தோலில் ஈரத்தை உணரத் தனி உணர்வி கிடையாது. குளிர்ச்சியையும் உரசலையும் சேர்த்துத்தான் மூளை அதை ஊகிக்கிறது. அதனால் கருவி காட்டும் ஈரப்பதமும் அணிந்தவர் சொல்லும் மதிப்பெண்ணும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. இரண்டையும் பதிவு செய்ய வேண்டும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மறுநாள் காலை எடைதான். ராத்திரி முழுக்கக் காயவைத்தும் பழைய எடைக்குத் திரும்பாத ஷூ, நேற்றைய வியர்வையோடு இன்றைய வேலைக்குப் போகிறது.