டமாஸ்கஸ் குழல்: முறுக்குக் குழல்

புதுப்பித்த பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் துப்பாக்கியில் முதலில் கண்ணில் படுவது குழலின் மேல் ஓடும் சுருள் சுருளான வரிகள். விற்பவர் இதை ‘டமாஸ்கஸ் குழல்’ என்பார். இரும்பும் எஃகும் கலந்த கம்பிகளை முறுக்கி, நாடாவாக்கி, ஓர் அச்சுக்கோலைச் சுற்றிப் பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டிய குழல் என்பதே இதன் பொருள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நல்ல வேட்டைத் துப்பாக்கி என்றால் குழல் இப்படித்தான் இருக்கும்.

பெயர் சிரியாவின் தலைநகரிலிருந்து வந்தது. தமிழ் விவிலியம் அந்நகரைத் தமஸ்கு என்கிறது. அங்கே பேர்போன வாள்களின் மேல் நீரோட்டம் போன்ற வரிகள் தெரியும். ஐரோப்பியர் அந்த வரிகளை நினைத்துக் குழலுக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆனால் வாளின் வரி வேறு, குழலின் வரி வேறு. வாளுக்கான எஃகு மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) இட்டு உருக்கியது. வரி அந்த எஃகுக்குள்ளேயே விளைவது. 17-ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாப் பகுதியிலிருந்து பாரசீகத்துக்குப் போன எஃகு அந்த வகைதான். கன்னடத்தில் உக்கு, தமிழில் உருக்கு. 1795 வாக்கில் இதுவே ஆங்கிலத்தில் ‘வூட்ஸ்’ ஆனது. குழலிலோ எதையும் உருக்குவதில்லை. இரண்டு உலோகத்தை அடித்து ஒட்டும் வேலை மட்டுமே.

துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியர் வழியாக வந்ததுதான். ஆகவே அயல்சொல் என்பதற்காக டமாஸ்கஸை விரட்ட வேண்டியதில்லை. அது தவறான செய்தி சொல்கிறது என்பதே குறை.

செய்முறையைப் பார்த்தால் தமிழ்ப்பெயர் தானே கிடைக்கும். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் மாற்றி மாற்றி அடுக்கி, அடித்து ஒரே கட்டியாக்கி, சிறு சதுரக் கம்பிகளாக நீட்டுவார்கள். கம்பியைச் செஞ்சூட்டில் முறுக்குவார்கள். அடுத்தடுத்த கம்பிகளை எதிரெதிர்த் திசையில் முறுக்கி, இரண்டோ மூன்றோ சேர்த்து ஒட்டினால் நாடா தயார். அதை அச்சுக்கோலில் சுற்றி, விளிம்போடு விளிம்பு ஒட்டும்வரை அடித்தால் குழல். பிறகு உள்ளே கடைவார்கள், வெளியே அரம் போடுவார்கள். கம்பியை முறுக்காமல் வெறும் நாடாவைச் சுற்றி ஒட்டிய பழைய வகையும் உண்டு. அதற்குத் தேய்ந்த குதிரை லாட ஆணிகளைக்கூடச் சேர்த்து அடித்திருக்கிறார்கள். முன்னதை முறுக்குக் குழல் என்றும் பின்னதைச் சுற்றுக் குழல் என்றும் சொன்னால் இரண்டும் குழம்பாது. தின்பண்டம் நினைவுக்கு வந்தாலும் பாதகமில்லை, வினை ஒன்றுதான். ‘டமாஸ்கஸ் எஃகு’ என்ற பெயரை வாளுக்கே விட்டுவிடலாம்.

போலியும் உண்டு. சாதாரண எஃகுக் குழலின் மேல் அமிலத்தால் வரியை அச்சடித்து விற்றிருக்கிறார்கள். முன்கைக் கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்தை) கழற்றி, அது மறைத்திருந்த இடத்தில் நகக்கண் அளவு பளபளவெனத் தேய்த்து, ஃபெரிக் குளோரைடு ஒரு துளி வைத்தால் போதும். மெய்யான முறுக்கில் வரி மீண்டும் எழும். அச்சடித்ததில் தேய்த்த இடம் வெறுமையாகவே இருக்கும்.

வரியை மீட்பது துருவின் வேலை. எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, குழல்களின் இரு வாயையும் அடைத்து, துருவேற்றும் கரைசலை மெல்லியதாகத் தடவி, ஈரப்பதமான இடத்தில் இரவு முழுதும் விட வேண்டும். மறுநாள் மெல்லிய துரு படிந்திருக்கும். கொதிநீர் காட்டி, மென்மையான எஃகுப் பஞ்சால் தேய்த்து, மீண்டும் தடவ வேண்டும். இரும்பும் எஃகும் ஒரே மாதிரி துரு ஏற்பதில்லை. அந்த வேறுபாடுதான் வரி. ஆறு முதல் பன்னிரண்டு சுற்று பிடிக்கும். விரல் பட்ட இடத்தில் கரைசல் பிடிக்காமல் திட்டு விழும். அவசரப்பட்டுக் காரத் தொட்டியில் கொதிக்கவைத்துக் கறுப்பாக்குபவர்கள் துப்பாக்கியையே கெடுக்கிறார்கள். இரு குழலையும் நடுப்பட்டியோடு இணைத்திருக்கும் ஈயப் பற்றைக் காரம் அரித்துவிடும். பட்டிக்கு அடியில் தங்கிய உப்பு உள்ளிருந்து துருவாக்கும். பட்டி கெட்டியா என்று அறிய, குழல்களைத் தனியே தொங்கவிட்டுத் தட்டுங்கள். மணியோசை வந்தால் நலம். கரகரத்தால் பற்று விட்டிருக்கிறது.

அழகு திரும்பிவிட்டது என்பதற்காகச் சுடத் தகுதி திரும்பிவிட்டது என்று எண்ணக் கூடாது. அதைச் சொல்வது, குழல் வெடிப்பைத் தாங்கும் என்று சோதித்ததற்கு அடையாளமாகக் குழலின் அடியில் இட்ட பரிசோதனை முத்திரை. பர்மிங்ஹாம் பரிசோதனைக் கூடம் 1813-இல் சட்டப்படி அமைந்தது. லண்டன் கூடம் அதைவிடப் பழையது. 1904 முதல் புகையில்லா வெடிமருந்துக்குத் தேறியவற்றில் ‘என்.பி.’ என்ற எழுத்து இருக்கும். அது இல்லையேல் பழைய, புகை கக்கும் கருமருந்துக்கு மட்டுமே தேறியது என்று கொள்ள வேண்டும். ‘நாட் ஃபார் பால்’ என்றிருந்தால் 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்டது, வாய் குறுகியது. தனிக்குண்டு போடக் கூடாது.

12 போர் (குழல் துளையின் அளவு) என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை செய்தால் ஓர் உருண்டைக்குப் பொருந்தும் துளை: 0.729 அங்குலம், அதாவது 18.5 மி.மீ. பழைய கருமருந்துக் கசடும் தொடக்கத்தில் இருந்த அரிக்கும் பற்றுமருந்தும் (தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து) உட்சுவரில் குழிகளை உண்டாக்கியிருக்கும். குழி மறையக் கடைந்தால் துளை பெருகும். தோட்டா போடும் முனையிலிருந்து 9 அங்குலத்தில் அளந்து, ‘12’ முத்திரையுள்ள குழல் 0.740-ஐத் தொட்டுவிட்டால் பரிசோதனை காலாவதி. சுவர்க் கனம் 0.020 அங்குலத்துக்குக் கீழ் போனால் தொழிலில் உள்ளவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். தோட்டா அறை பெரும்பாலும் 2½ அங்குலம். இன்றைய 2¾ அங்குலத் தோட்டா வெடிக்கும்முன் அதில் உட்காரும், ஆனால் விரியும்போது அறைக்கு முன்னுள்ள குறுகலுக்குள் நீண்டு அழுத்தம் ஏறும்.

குழல் தேறவில்லை எனில் தோட்டா போடும் முனையில் சில அங்குலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதிக்குப் புது எஃகுக் குழாய் பொருத்துவார்கள். பிரிட்டனில் அதை மறுபரிசோதனைக்கு அனுப்பி ‘ஸ்லீவ்ட்’ என்று முத்திரையிட்டாக வேண்டும். பிடியும் பூட்டும் பழையனவாக இருந்தாலும், அதற்குப் பிறகு அதை முறுக்குக் குழல் துப்பாக்கி என்று விற்பது பொய்.