பேட்டரி பாவம், அதை விட்டுவிடுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. மூன்றும் புதுசாகப் பெயின்ட் அடித்து வந்தவை. மூன்றிலும் புது பேட்டரி. மூன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. இன்றைக்குப் பட்டறையைச் சாத்திய கையோடு எழுதிவிடுகிறேன்.

கடைசியாக வந்தது ஒரு பிரீமியர் பத்மினி, பழைய கார். தாத்தா ஓட்டியது. எட்டு வருடம் கொட்டகையில் கிடந்ததைப் பேரன் ஆசையாக எடுத்து, டிங்கரிங், பெயின்ட், சீட் எல்லாம் முடித்து, கயிறு கட்டி இழுத்து வந்தார்.

"அண்ணே, சாவியத் திருப்பினா டிக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். பேட்டரி ரெண்டு மாத்திட்டேன். செல்ஃபையும் இறக்கி ஆர்மேச்சர் மாத்தியாச்சு."

மீட்டரை வைத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட். செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்கச் சொன்னால் 12.1. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. செல்ஃப் உண்மையாகவே சுற்றினால் நல்ல பேட்டரியும் 10, 10.5க்கு இறங்கும். இறங்கவில்லை என்றால், வேண்டிய கரன்ட் போகவில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து மறுபடி அடிக்கச் சொன்னேன். 0.2 தாண்டக் கூடாத இடத்தில் 7 வோல்ட்! அதற்குள் உள்ளேயிருந்து குரல்: "அண்ணே, சோக் கம்பி சுடுது!"

சுடாமல் என்ன செய்யும்? இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டில். அதையும் பாடியையும் இணைப்பது ஒரு பின்னல் பட்டை. செல்ஃபுக்குப் போன கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, அதாவது எர்த், அதுதான். அந்த வழி அடைபட்டால் கரன்ட் சோக் கம்பி, ஆக்சிலேட்டர் கம்பி என்று கிடைத்த வழியில் திரும்பும். பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் கண்ணாடி மாதிரி பெயின்ட், முகம் பார்க்கலாம். பெயின்டில் கரன்ட் போகாது. கால் தாள் எமரி பேப்பரில் இரும்பு தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். முதல் திருப்பிலேயே செல்ஃப் சுற்றியது.

"ஆனா லைட் நல்லா எரிஞ்சுதே, ஹாரன் அடிச்சுதே" என்றார். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரு ஹெட்லைட் பல்பு எடுப்பது நாலைந்து ஆம்பியர். செல்ஃப் கேட்பது நூறுக்கு மேல். அடைத்த குழாயில் சொம்பு நிறையும், தொட்டி நிறையுமா? அதோடு லைட்டின் எர்த் பாடியில் இருக்கிறது, செல்ஃபின் எர்த் இன்ஜினில். லைட் எரிவதை வைத்து செல்ஃபுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. "பேட்டரி மாத்தினதும் நாலு நாள் ஓடிச்சு" என்பவர்களும் உண்டு. மாற்றும்போது டெர்மினலைச் சுரண்டி இறுக்கியிருப்பார்கள். வேலை செய்தது சுரண்டல், பெயர் வாங்கியது பேட்டரி.

செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பற்றவில்லை என்றால் அது வேறு கதை: தீப்பொறிக்கான பாயின்ட், கன்டென்சர், இல்லையென்றால் பெட்ரோல். வருடக்கணக்காக நின்ற வண்டியில் பழைய பெட்ரோலை வடித்துக் கொட்டாமல் சாவியைத் தொடாதீர்கள். ரப்பர் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் (உள்ளே இருக்கும் ரப்பர் தகடு) மாற்றுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த ரப்பர் இல்லை அது.

சிலதைச் சொல்லியே ஆக வேண்டும். கார்புரேட்டரில் பாட்டிலால் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு செல்ஃப் அடிக்காதீர்கள். புருவம் கருகி வந்தவரைப் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் டெர்மினலை ஷார்ட் செய்வதும் வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே வரும். பேட்டரியில் கை வைக்கும் முன் மோதிரம், வாட்ச் கழற்றுங்கள். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். (பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பார்த்துச் செய்யுங்கள்.) பத்து விநாடிக்கு மேல் செல்ஃபை அமுக்கிப் பிடிக்காதீர்கள், அதுவும் மோட்டார்தான்.

பெயின்டர் அண்ணன்மாரே, உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன். எர்த் போல்ட் வரும் இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள்.

பத்மினித் தம்பி, நீங்கள் கழற்றிப் போட்ட முதல் பேட்டரியை சார்ஜ் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. வந்து எடுத்துப் போங்கள், பட்டறையில் இடம் இல்லை.