நெடும்பயண மோட்டார் சைக்கிளை முகப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் செம்பனைத் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் கப்சாய் எனும் சிறிய மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிழைப்பவர்கள். ஆனால் சில ஆண்டுகளாக இன்னொரு கூட்டமும் வருகிறது. பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள், கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, இனியாவது ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கி ஊர் ஊராகப் போய்வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள். கைப்பேசியில் இரண்டு படங்களை நீட்டுவார்கள். ஒன்றில் உடல் முழுவதும் உறை மூடிய வண்டி, மற்றொன்றில் மேலே காற்றைத் தடுக்கும் உயரமான முன் கண்ணாடியும் கீழே திறந்த இன்ஜினும். "அண்ணே, இரண்டில் எது நல்லது?" என்பதுதான் கேள்வி.

படத்தைப் பார்த்துப் பதில் சொல்ல என்னால் முடியாது. ஃபேரிங் என்று நிறுவனங்கள் சொல்லும், இங்கே நாம் கவர் செட் என்று சொல்லும் அந்த உறை அலங்காரத்துக்காக மாட்டப்பட்டது அல்ல. நான்கு மணி நேரம் ஓட்டிய பிறகு உங்கள் கழுத்து எப்படி இருக்கும், காது எப்படி இருக்கும், முழங்கால் எவ்வளவு வெந்திருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். கேட்பவரின் உயரம், அவர் போகும் சாலை, பின்னால் யார் உட்காரப்போகிறார் என்பதெல்லாம் தெரியாமல் எது நல்லது என்று சொன்னால் அது பொறுப்பற்ற பேச்சு.

நம் வட்டாரத்துக்காரர்களின் பயணங்களை எண்ணிப் பாருங்கள். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை. விடுமுறைக்கு பெங்காலான் ஹுலு வழியாகத் தாய்லாந்தின் பெத்தோங். கிழக்குக் கரைக்குப் போனால் கிரிக்–ஜெலி மலைச்சாலை. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை. அதனால் பலர் கோலாலம்பூர் வரை ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறார்கள். அங்கே வேக வரம்பு 110 கிலோமீட்டர். ஊருக்குள் ஓட்டும்போது காற்று ஒரு பொருட்டே இல்லை. வேகம் கூடினால் கதை மாறுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப ஏறுவதால், 80 கிலோமீட்டரில் மார்பை அழுத்தும் விசை 110இல் ஏறத்தாழ இருமடங்காகிவிடும். அந்த விசையைத் தாங்குவது உங்கள் மணிக்கட்டும் தோளும் கழுத்தும். மாலையில் வீடு திரும்பும்போது கவனம் சிதறுவதற்கு இந்தக் களைப்பு ஒரு முக்கியக் காரணம். ஆகவே உறை தேவையா என்றால், தேவை. எவ்வளவு உறை என்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள்.

இந்த உறைகள் குளிர் நாடுகளில் வளர்ந்தவை. 1976இல் பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் வெளிவந்தபோது அதன் முழு உறையை இத்தாலியின் பினின்ஃபாரினா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செதுக்கியிருந்தார்கள். ஜெர்மனியின் குளிரிலும் மழையிலும் அதிவேகச் சாலையில் மணிக்கணக்காக ஓட்டுகிறவருக்கு அது வரப்பிரசாதம். ஹோண்டாவின் கோல்ட்விங் 1975இல் உறையே இல்லாமல்தான் வந்தது. வாங்கியவர்கள் வெளியே உறை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 1980இல்தான் நிறுவனமே உறையோடு இன்டர்ஸ்டேட் என்ற வகையை விற்றது. இவர்கள் எல்லோருக்கும் குளிர்காற்று எதிரி. நமக்கோ பகல் முழுவதும் 32, 33 பாகை வெயில், அதோடு ஈரப்பதம். வியர்வை ஆவியாகப் போனால்தான் நம் உடம்பு குளிரும். ஆவியாக்குவது மேலே படும் காற்று. அந்தக் காற்றை முழுவதுமாகத் தடுத்துவிட்டு, இன்ஜின் சூட்டையும் கால் பக்கமாகத் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? கால்சட்டை நனைந்து ஒட்டும், தண்ணீர்த் தாகம் தெரியாமலே உடம்பு வறளும், தலை கனக்கும். ஈப்போ நகரின் வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் முழு உறை வண்டியில் அரை மணி நேரம் நின்றவர்களைக் கேளுங்கள். ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கியதும் வெந்நீர் ஆவி போல ஒரு காற்று முழங்காலை அறையும்.

அதற்காக முழு உறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வடிவமைப்பாளர்கள் சூடான காற்றைக் காலுக்கு வெளியே தள்ளும் வெட்டுகளைப் பக்கவாட்டில் வைத்திருப்பார்கள். அது வேலை செய்கிறதா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். மழையில் முழு உறைக்கு இணை கிடையாது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடிமழை கொட்டும் நாட்டில் காலணியும் முழங்காலும் ஓரளவு காய்ந்திருப்பது சின்ன விஷயம் அல்ல. பிஎம்டபிள்யூவின் ஆர்1250ஆர்டி போன்ற வண்டிகளில் முன் கண்ணாடியை ஒரு பொத்தானை அழுத்தி ஏற்றவும் இறக்கவும் முடியும். வெயிலில் இறக்கிவிட்டுக் காற்று வாங்கலாம், மழையில் ஏற்றலாம். நம் பருவநிலைக்கு அதுதான் சரியான விடை, விலைதான் பெரும்பாலோருக்கு எட்டாது. கையால் நிலை மாற்றக்கூடிய கண்ணாடி நடுத்தர விலை வண்டிகளிலும் வருகிறது. உறையின் வடிவத்தை விட இந்த ஒரு வசதிக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

பாதி உறையும் உயரமான கண்ணாடியும் கொண்ட வகை, அதாவது கவாசாகி வெர்சிஸ், சுசுகி வி-ஸ்ட்ரோம் போன்றவை, நம் பக்கத்துக்கு நன்றாகப் பொருந்துகின்றன. மார்புக்குக் காற்றுத் தடுப்பு உண்டு, காலுக்குக் காற்று உண்டு. நிமிர்ந்து உட்காரலாம். தோட்டத்துச் செம்மண் சாலையில் உறவினர் வீட்டுக்குப் போகும்போது கல் பட்டு உடைய அடிப்பக்க உறை குறைவு. பி2 உரிமம் மட்டும் வைத்திருப்பவர்கள் 250 சிசிக்கு மேல் போக முடியாது. அவர்களுக்கும் இந்த வகையில் வண்டி உண்டு. 250 சிசி ஸ்கூட்டரில் உயரமான கண்ணாடி போட்டுக்கொண்டு நெடும்பயணம் போகிறவர்களைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். கால் மறைப்பும், மார்பு மறைப்பும், சாமான் வைக்க இருக்கைக்கு அடியில் இடமும் இருக்கும் அந்த வண்டியை ஏளனம் செய்ய ஒன்றுமில்லை.

முன்னால் குனிந்து ஓட்டும் பந்தய வகை உறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படுத்தால்தான் அந்தக் கண்ணாடி மறைக்கும். நாற்பது வயதுக்கு மேல் முதுகுவலியோடு வருகிறவருக்கு அதை நான் பரிந்துரைப்பதே இல்லை.

இனி, அதிகம் பேசப்படாத ஒன்று. உயரமான கண்ணாடி என்றால் அமைதி என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டி வரும் காற்று சுழன்று உடைகிறது. அந்தச் சுழல் நேராகத் தலைக்கவசத்தில் விழுந்தால் தலை இடைவிடாமல் குலுங்கும், பார்வை நடுங்கும், கழுத்து வலிக்கும். தடுப்பே இல்லாத வண்டியில் காற்று பலமாக அடித்தாலும் சீராக அடிக்கும். தவறான உயரக் கண்ணாடியின் பின்னால் அடிப்பது சீரற்ற காற்று. இரண்டாவதுதான் உடம்பை அதிகம் வதைக்கிறது. ஒரே வண்டியை வாங்கிய இருவரில் ஒருவர் புகழ்வதும் மற்றவர் திட்டுவதும் இதனால்தான்: இருவருக்கும் உயரம் வேறு.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் சொந்தத் தலைக்கவசத்தோடு, போக்குவரத்து இல்லாத நேராக இருக்கும் சாலையில், நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் ஓட்டுங்கள். முதுகை நிமிர்த்தித் தலையைச் சில அங்குலம் உயர்த்துங்கள். குலுக்கல் நின்று காற்று சீரானால், கண்ணாடி உங்களுக்கு உயரம் அதிகம், குட்டையானது நல்லது. சற்றுக் குனிந்ததும் அமைதியானால் உயரம் போதவில்லை. சில வண்டிகளில் கண்ணாடிக்கும் உறைக்கும் இடையே கீழே ஒரு சிறு இடைவெளி விட்டாலே போதும். அதன் வழியே நுழையும் காற்று கண்ணாடிக்குப் பின்னால் உருவாகும் குறையழுத்தத்தை நிரப்பிச் சுழலைக் குறைக்கும். பெரிய கண்ணாடிக்குப் பணம் செலவழிக்கும் முன் திருகாணிகளுக்கு அடியில் வளையம் வைத்து இதைச் செய்து பார்க்கலாம். நான் பலருக்கு அப்படித்தான் சரிசெய்து கொடுத்திருக்கிறேன்.

மழை நாட்டில் இன்னொரு விதி கட்டாயம். கண்ணாடியின் விளிம்பு உங்கள் மூக்கு மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் சாலையைப் பார்ப்பது கண்ணாடிக்கு மேலாக இருக்க வேண்டும், கண்ணாடி ஊடாக அல்ல. கிரிக் சாலையில் இரவில் மூடுபனியும் தூறலும் சேரும்போது, எதிரே வரும் லாரியின் வெளிச்சம் துளிகளில் சிதறிக் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிடும். அந்தச் சாலையில் யானை குறுக்கே வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். துடைப்பான் இல்லாத கண்ணாடி வழியாக அதைப் பார்க்க முயல்வது உயிரோடு விளையாடுவது.

காதுக்கும் ஒரு சொல். நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டும். 85க்கு மேல் நீண்ட நேரம் கேட்பது செவித்திறனைக் கெடுக்கும், கெட்டது திரும்பாது. எந்த உறை வாங்கினாலும் மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சுக் காது அடைப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள். ஹாரன் சத்தமும் சைரனும் அதைத் தாண்டிக் கேட்கும்.

பக்கக் காற்றை எடுத்துக்கொள்வோம். உறை பெரிதானால் பக்கவாட்டுப் பரப்பும் பெரிது. அந்தக் காலத்துப் பந்தய வண்டிகளில் முன்சக்கரத்தையே மூடிய உறைகள் இருந்தன. பக்கக் காற்றில் வண்டி கட்டுக்கடங்காமல் போகும் ஆபத்தால் 1957ஆம் ஆண்டுப் பந்தயப் பருவத்தோடு அவற்றுக்கு உலகளவில் தடை வந்தது. இன்றைய உறைகள் அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் பினாங்குப் பாலத்தின் நடுவில், அல்லது மேற்குக் கரையில் விடியற்காலையில் அடிக்கும் சுமத்ரா சூறைக்காற்றில், வண்டி ஒரு பக்கமாகத் தள்ளப்படுவதை உணர்வீர்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரியை முந்தும்போதும் அப்படியே: பின்னால் இருக்கும்வரை காற்று இல்லை, அதன் முகப்பைத் தாண்டும் நொடியில் ஒரு தள்ளு. இங்கே உறை எதில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். சேசிஸில், அதாவது வண்டியின் சட்டத்தில், பொருத்திய உறையில் காற்றின் தள்ளு வண்டி முழுவதற்கும் போகும், ஹேண்டில் அமைதியாக இருக்கும். ஹார்லியின் எலக்ட்ரா கிளைடு போல, முன்சக்கரத்தைத் தாங்கி ஹேண்டிலோடு திரும்பும் ஃபோர்க்கில் பொருத்திய உறையில் தள்ளு நேராக உங்கள் கைக்கு வரும். அதே நிறுவனத்தின் ரோட் கிளைடில் உறை சேசிஸில் இருப்பதால் ஓட்டும் உணர்வே வேறு. உறையில்லாத வண்டிக்கு ஹேண்டிலில் பெரிய கண்ணாடி வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். பின்னால் அகலமான பெட்டியும் கனமாக ஏற்றினால் முன்பக்கம் இலேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆடத் தொடங்கும். பெட்டியில் எழுதியிருக்கும் எடை வரம்பை மீறாதீர்கள்.

பின்னால் உட்காருபவரை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. பின் இருக்கை உயரமானது. உங்கள் தலைக்கு மேல் போகும் சுழற்காற்று அவர் முகத்தில் விழும். கணவர் சுகமாக ஓட்டிவந்தேன் என்பார். மனைவி இரண்டு நாளாகத் தலைவலி என்பார். சோதனை ஓட்டத்துக்கு அவரையும் அழைத்துப் போங்கள். கடைக்காரர் சோதனை ஓட்டம் தர மறுத்தால், அதே வண்டி வைத்திருக்கும் நண்பரின் பின்னால் ஒருமுறை அவரை உட்கார வைத்தாவது கேளுங்கள்.

பராமரிப்புச் செலவு உறையின் அளவோடு ஏறும். தீப்பொறிச் செருகியை மாற்றவே சில முழு உறை வண்டிகளில் பல துண்டுகளைக் கழற்ற வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. நின்ற இடத்தில் வண்டி சாய்ந்து விழுந்தாலே உறையைத் திருகாணியால் மாட்டும் காதுகள் உடையும். முன் கண்ணாடியைப் பெட்ரோல், தின்னர், வீட்டு ஜன்னல் துடைக்கும் அமோனியா திரவம் எதனாலும் துடைக்காதீர்கள். மெல்லிய வெடிப்புகள் விழும். கொசு விரட்டி பூசிய கையும் அதற்கு ஆகாது. தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் முழு உறை எல்லாவற்றையும் மறைத்துவிடும். புதுச் சாயம் பூசிய உறைக்குள் ஒழுகும் ரேடியேட்டரையும் வளைந்த தாங்கியையும் நான் பார்த்திருக்கிறேன். இடது வலது இடைவெளிகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று முன்னால் நின்று பாருங்கள். இல்லையென்றால் முகப்பு விளக்குக்குப் பின்னால் இருக்கும் தாங்கி வளைந்திருக்கலாம். திருகாணிகள் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால் யாரோ அவசரமாகக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். உறையின் உட்பக்கத்தில் விரலை ஓட்டினால் சூடு வைத்து ஒட்டிய தழும்பு தட்டுப்படும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, சேசிஸில் அது முட்டும் இடத்தைக் கைவிளக்கால் பாருங்கள். அங்கே நசுங்கல் இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. விற்பவர் ஒரு பக்க உறையைக் கழற்றிக் காட்டச் சம்மதித்த பிறகு விலையைப் பேசுங்கள்.